மேலிருந்து எடுத்த படமும் கீழிருந்து சொன்ன சொல்லும்

ஜேர்மனியில் வீடு கட்டக் காணி வாங்கியவர்கள் பலருக்கு இந்த நடைமுறை தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான பகுதி என்றால், மண்வாரி இயந்திரம் வருவதற்கு முன்பு அந்தக் காணியின் எல்லை வரைபடம் மாநிலத்தின் வெடிப்பொருள் அகற்றும் துறையின் மேசைக்குப் போகவேண்டும். அங்கே ஓர் அலுவலர் 1940களில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளை வான்படங்களைத் திரையில் திறந்து, இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்ப்பார். காணிக்குள் குண்டுக்குழிகள் உண்டா, வெடிக்காத குண்டு புகுந்த துளை ஏதும் தெரிகிறதா என்று தேடுவார். சந்தேகம் எதுவும் இல்லை என்றால் ஒரு கடிதம் வரும். சந்தேகம் இருந்தால் காந்தமானியோடு ஆட்கள் வருவார்கள்.

அந்தப் படங்களை எடுத்தவர்கள் குண்டு போட்டவர்களேதான். எங்கே குண்டு போடுவது என்று முடிவுசெய்யவும், போட்ட பின் எவ்வளவு அழிந்தது என்று அளக்கவும் பிரித்தானிய, அமெரிக்க வேவு விமானங்கள் ஜேர்மனியின் மேலே திரும்பத் திரும்பப் பறந்து எடுத்தவை அவை. அழிப்பதற்காக எடுத்த படம் எண்பது ஆண்டுகளின் பின் உயிர் காக்கும் ஆவணமாகியிருக்கிறது.

தொலையுணர்வு, பட இணைவு, தரைப் பொருள் கண்டறிதல் என்று இன்று கணினித் துறையில் பேசப்படுபவற்றின் வரலாற்றை இந்த மேசையிலிருந்து தொடங்கினால், அது எம்மை முள்ளிவாய்க்காலில் கொண்டுவந்து விடுகிறது. மென்பொருள் ஆலோசகனாக வேலை செய்பவன் என்பதால் இதன் கணக்குகள் எனக்கு ஓரளவு பழக்கம். ஆனால் என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி கணக்கைப் பற்றியது அல்ல. ஒரு படம் எப்போது சாட்சியாகிறது என்பதுதான் அந்தக் கேள்வி.

குருட்டுக் குண்டுகள்

வெடிக்காத குண்டுக்கு ஜேர்மன் மொழியில் 'பிளிண்ட்கெங்கர்' என்று பெயர். சொல்லைப் பிரித்தால், குருடாகப் போகிறவன். போர்க்காலத்தில் ஜேர்மனியின் மீது பத்து இலட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகள் போடப்பட்டன. அவற்றில் பத்தில் ஒன்றாவது வெடிக்காமல் மண்ணுக்குள் போயிருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இன்றும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அவற்றைத் தோண்டி எடுக்கிறார்கள். 2017 செப்டெம்பர் 3ஆம் திகதி பிராங்பேர்ட்டில், பல்கலைக்கழக வளாகத்துக்கு அருகே கட்டட வேலையில் வெளிப்பட்ட ஒரு பிரித்தானியக் குண்டைச் செயலிழக்கச் செய்வதற்காக 60,000 பேருக்கு மேல் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். அதற்குள் 1.4 டன் வெடிமருந்து இருந்தது. 2010 ஜூன் 1ஆம் திகதி கோட்டிங்கனில் அத்தகைய ஒரு குண்டு வேலை தொடங்குமுன்பே வெடித்ததில், அதைச் செயலிழக்க வைக்க வந்தவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். போர் முடிந்து 65 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பேர்லினுக்கு வடக்கே உள்ள ஒரானியன்பேர்க் இந்த விடயத்தில் ஜேர்மனியின் மிக மோசமான நகரம். அங்கே அவுவர் நிறுவனத்தின் ஆலையில் யுரேனியம் பதப்படுத்தப்பட்டது. அது சோவியத் படைகளின் கையில் சேர்ந்துவிடக் கூடாது என்று 1945 மார்ச் 15ஆம் திகதி 600க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் நகரைத் தாக்கின. போட்ட குண்டுகளில் பெரும்பாலானவை தாமத வெடியூசி கொண்டவை. குண்டின் வாற்பகுதியில் ஒரு சிறு குப்பியில் அசிற்றோன் திரவம் இருக்கும். குப்பி உடைந்து, திரவம் கீழே உள்ள செலுலாயிட் தட்டுகளை மெல்ல மெல்லக் கரைக்கும். தட்டுகள் தளர்ந்ததும் ஊசி விடுபட்டுக் குண்டு வெடிக்கும். விழுந்து சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து, தீயணைக்க வந்தவர்களும் திரும்பி வந்த குடும்பங்களும் அங்கே இருக்கும் வேளையில் வெடிக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆனால் ஒரானியன்பேர்க்கின் மண் மேலே மென்மையான மணல், அடியில் கெட்டியான சரளை. குண்டுகள் மணலுக்குள் பாய்ந்து, சரளையில் மோதித் திரும்பி, மூக்கு மேல்நோக்கியபடி நின்றுவிட்டன. வால் கீழே போய்விட்டதால் அசிற்றோன் தட்டுகளின் மேல் விழாமல் வேறுபக்கம் வடிந்துவிட்டது. அதனால் அவை அன்று வெடிக்கவில்லை. செலுலாயிட்டோ காலத்தோடு தானாகவே நொய்ந்துகொண்டிருக்கிறது. யாரும் தொடாமலே ஒருநாள் வெடிக்கும். இந்த நகரத்தில் வான்படத்தைப் படிப்பது கல்வியாளர்களின் பொழுதுபோக்கு அல்ல. எந்தத் தெருவுக்கு அடியில் மணி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கும் வேலை.

இரண்டு படம், ஓர் ஆழம்

படங்களை இணைத்துப் பார்ப்பது செய்மதியோடு வந்த யோசனை அல்ல. எமது இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு படங்களை எடுக்கின்றன. மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழத்தைப் பெறுகிறது. இதையே கருவியாக்கியவர் ஜேனா நகரில் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் வேலை செய்த கார்ல் புல்ஃபிரிஷ். வேறு வேறு இடங்களிலிருந்து எடுத்த இரு படங்களை ஒருசேரப் பார்த்து உயரத்தையும் தூரத்தையும் அளக்கும் கருவியை அவர் 1901இல் செய்தார். பின்னர் 1922இல் இரு கண் பார்வை தொடர்பான ஒரு மாயத்தோற்றத்தை விளக்கினார். இன்றும் அது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அவருக்கோ ஒரு கண்ணில் பார்வை போய்விட்டிருந்தது. தன் பெயர் தாங்கிய காட்சியை அவரால் காண முடியவில்லை.

போர்க்காலத்தில் இந்த இரட்டைப் படக் கலையை இலண்டனுக்கு மேற்கே மெட்மனம் என்ற இடத்தில் பிரித்தானியர் பெரிய தொழிலாகவே நடத்தினார்கள். வேவு விமானம் பறக்கும்போது ஒரு படத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி அடுத்த படத்திலும் விழும்படி கமரா இயங்கும். அடுத்தடுத்த இரு படங்களை மேசையில் வைத்து, இரு வில்லைகள் கொண்ட சிறு கருவியால் குனிந்து பார்த்தால் கட்டடங்கள் எழும்பி நிற்கும், குழிகள் பள்ளமாகும். பெண்கள் பலர் அங்கே படப் பகுப்பாளர்களாக இருந்தார்கள். அவர்களில் ஒருவரான கொன்ஸ்டன்ஸ் பபிங்டன் ஸ்மித்திடம், பால்டிக் கடலோரம் பேனமுண்டவில் மிகச் சிறிய விமானம் ஏதும் இருக்கிறதா பாருங்கள் என்று சொன்னார்கள். முன்பே பலரும் பார்த்து முடித்த 1943 கோடைகாலப் படங்களுக்கு அவர் திரும்பிப் போனார். அங்கே ஒரு சிறு சிலுவை போல அது இருந்தது. பின்னர் நவம்பர் 28ஆம் திகதி எடுத்த படத்தில் அதே வடிவம் ஒரு சரிவான ஏவுதளத்தின் மேல் தெரிந்தது. இலண்டன் மீது பின்னாளில் பாய்ந்த வி-1 பறக்கும் குண்டு அதுதான்.

கோடையில் எடுத்த படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. எதைத் தேடுகிறோம் என்பது மட்டுமே மாறியிருந்தது.

பார்த்தும் காணாதது

இதன் மறுபக்கம் கொடியது. 1944 ஏப்ரல் 4ஆம் திகதி, இத்தாலியிலிருந்து கிளம்பிய தென்னாபிரிக்க வான்படையின் வேவு விமானம் ஒன்று தென் போலந்தின் மொனோவிட்ஸ் என்ற இடத்துக்கு மேலே பறந்தது. அங்கே கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் செயற்கை இரப்பர், எரிபொருள் ஆலையே அதன் இலக்கு. இலக்குக்குச் சற்று முன்னே கமராவைத் தொடங்கிச் சற்றுப் பின்னே நிறுத்துவது வழக்கம். அதனால் அருகே இருந்த அவுஷ்விட்ஸ் முகாமும் படச்சுருளில் விழுந்தது. அந்த ஆண்டின் கோடையில் எடுத்த படங்களில் பிர்க்கனவ் முகாமும் அதன் எரிகூடங்களும் தெரிந்தன. பகுப்பாளர்கள் ஆலையின் கொதிகலன்களையும் குழாய்களையும் அடையாளம் கண்டு குறித்தார்கள். மற்றவற்றைக் கேட்டவர் எவரும் இல்லை.

ஏப்ரல் 4க்கு மூன்றாம் நாள், ருடோல்ஃப் வெர்பா, ஆல்ஃபிரட் வெட்ஸ்லர் என்ற இரு யூதக் கைதிகள் பிர்க்கனவில் ஒரு மரக்குவியலுக்குள் ஒளிந்தார்கள். மூன்று இரவுகள் அங்கேயே கிடந்து, தேடுதல் ஓய்ந்த பின் தப்பி ஸ்லோவாக்கியா சேர்ந்தார்கள். அந்த மாத இறுதிக்குள் முகாமின் அமைப்பையும், நச்சுவாயு அறைகளையும், கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை பற்றிய தமது கணிப்பையும் ஓர் அறிக்கையாகச் சொன்னார்கள். அதில் முகாமின் வரைபடமும் இருந்தது. ஜூன் மாதத்தில் அந்த அறிக்கை சுவிற்சர்லாந்தை எட்டியது. வான்படம் ஓர் அலுவலகத்தில், வரைபடம் இன்னோர் அலுவலகத்தில். ஒன்றின் மேல் மற்றொன்றை வைத்துப் பார்த்தவர் இல்லை.

அப்படி வைத்துப் பார்த்தது 35 ஆண்டுகள் கழித்துத்தான். அமெரிக்க உளவுத்துறையில் படப் பகுப்பாளர்களாக இருந்த டினோ புருஜியோனியும் ரொபேர்ட் பொய்ரியரும் பழைய சுருள்களைத் தேடி எடுத்துப் பெருப்பித்து, தப்பியவர்களின் சாட்சியங்களோடு ஒப்பிட்டு, 1979இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். எரிகூடங்கள், புகையிரதத் தடம், வரிசையாக நடக்கும் மனிதர்கள் எல்லாம் படத்தில் இருந்தன. 1978இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடர்தான் தம்மைத் தேடவைத்தது என்று புருஜியோனி பின்னாளில் சொன்னார்.

பட இணைவு என்ற சொல்லின் முழுப் பொருளும் எனக்கு இங்கேதான் விளங்குகிறது. இரண்டு கமராக்களின் படங்களை ஒன்றாக்குவது அதன் சிறு பகுதி. மேலிருந்து எடுத்த படத்தையும் கீழிருந்து சொன்ன சொல்லையும் ஒரே தாளில் கொண்டுவருவது அதன் பெரும் பகுதி.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது?

மெட்மனத்தின் படங்கள் போருக்குப் பின் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்து, 2008இல் எடின்பரோவில் உள்ள தேசிய வான்பட ஆவணக் காப்பகத்துக்குப் போயின. ஜேர்மன் மாநிலங்கள் அங்கிருந்தும் அமெரிக்க ஆவணக் காப்பகத்திலிருந்தும் படங்களைப் பெற்றன. அவற்றைப் படிப்பது எளிதல்ல. ஒரு படத்தின் அளவு 1:10,000 என்றால், அரை மீற்றர் அகலமான குண்டுத் துளை படத்தில் 0.05 மில்லிமீற்றர், தலைமயிரின் தடிப்பு. அது துளையா, நிழலா, படச்சுருளில் ஒட்டிய தூசியா? மரங்களில் இலை இருந்தால் தெரியாது. இடிபாடுகளுக்குள் விழுந்திருந்தாலும் தெரியாது. ஒரு குண்டுவீச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் படம் எடுக்கப்படாவிட்டால், முன்னதன் துளையைப் பின்னதன் குழி விழுங்கியிருக்கும். ஆகவே வேறு வேறு நாட்களில் எடுத்த படங்களை அடுக்கடுக்காக வைத்துப் பார்க்கிறார்கள்.

ஹனோவர் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குரூஸ, ஃபிரான்ஸ் ரொட்டன்ஸ்டைனர், கிறிஸ்டியன் ஹைப்கே ஆகியோர் இந்த வேலையின் ஒரு பகுதியைக் கணினிக்குக் கொடுத்தார்கள். குண்டுக்குழி மேலிருந்து பார்க்க ஏறத்தாழ நீள்வட்டம்: வெளிச்சமான விளிம்பு, இருண்ட நடு. 2018இல் அவர்கள் வெளியிட்ட முறையில், நிரல் படத்தின் மேல் நீள்வட்டங்களை எழுந்தமானமாகப் போட்டு, நகர்த்தி, பெருப்பித்து, நீக்கி, படத்தோடு மிகச் சிறப்பாகப் பொருந்தும் கூட்டத்தைத் தேடும். கிடைத்த குழிகளின் நெருக்கத்திலிருந்து ஆபத்தான பகுதிகளின் வரைபடம் உருவாகும். வெடிக்காத குண்டை நேரே தேடுவதில்லை. வெடித்தவை நெருக்கமாக உள்ள இடத்தில் வெடிக்காததும் இருக்கும் என்பதே ஏரணம்.

இத்தகைய நிரல் எதுவும் 'இது குழி', 'இது குழி இல்லை' என்று அறுதியாகச் சொல்வதில்லை. குழியாக இருக்கும் சாத்தியத்தை ஓர் எண்ணாகத் தரும். எந்த எண்ணுக்கு மேல் குழி என்று ஏற்பது என்ற எல்லைக்கோட்டை மனிதர்தான் போடவேண்டும். கோட்டைத் தாழ்த்தினால் ஒரு குழியும் தப்பாது. கூடவே மரநிழலும் கிணறும் வைக்கோற்போரும் குழியாகும். உயர்த்தினால் சொல்வதெல்லாம் உண்மையாக இருக்கும், ஆனால் பல உண்மைகள் விடுபடும். ஒரானியன்பேர்க்கில் கோட்டைத் தாழ்த்தத்தான் வேண்டும். பத்து இடத்தை வீணாகத் தோண்டினால் பணம் போகும். ஒன்றை விட்டால் உயிர் போகும்.

நீதிமன்றத்திலோ ஐ.நா. மன்றிலோ வைக்கும் படத்துக்கு இது தலைகீழ். நூறு குழிகளைக் காட்டி அதில் ஒன்று பழைய கிணறு என்று எதிர்த்தரப்பு நிரூபித்துவிட்டால், மீதி 99உம் சந்தேகத்துக்கு உள்ளாகும். அங்கே கோடு உயரத்தில் நிற்கவேண்டும். அப்படி நின்றால் உண்மையில் நடந்ததைவிடக் குறைவாகவே படம் சொல்லும். செய்மதிப் பகுப்பாய்வு அறிக்கைகளை வாசிக்கும் எவரும் நினைவில் வைக்கவேண்டியது இது: அவை தரும் எண் பெரும்பாலும் ஓர் அடித்தளம். மேல்மாடி எவ்வளவு உயரம் என்று அது சொல்லாது.

கூர்மையும் நிறமும்

விமானத்திலிருந்து செய்மதிக்கு வந்தபோது ஒரு புதிய சிக்கல் எழுந்தது. ஜேனாவின் ஸைஸ் ஆலை, அப்போது கிழக்கு ஜேர்மனியின் அரச நிறுவனம், எம்.கே.எஃப்.-6 என்ற கமராவைச் செய்தது. ஒரே நிலத்தை ஆறு வெவ்வேறு ஒளிப்பட்டைகளில் ஆறு படங்களாக அது எடுத்தது. 1976 செப்டெம்பரில் சோயுஸ் 22 விண்கலத்தில் பறந்தது. அதன் அடுத்த வடிவத்தை 1978இல் சல்யூட் 6 நிலையத்தில் இயக்கியவர்களில் ஒருவர், விண்வெளி சென்ற முதல் ஜேர்மனியரான சிக்முண்ட் யேன். ஆறு பட்டைகளும் ஒன்றுசேரும்போது காய்ந்த பயிர், பச்சைப் பயிர், ஈர மண், தண்ணீர் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்.

ஒளியைப் பட்டைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும். அதை ஈடுசெய்ய ஒவ்வொரு பிக்செலும் பெரிய நிலத்தைப் பார்க்கவேண்டும். அதனால் மின்னணு உணரிகள் வந்த பின் செய்மதிகள் இரண்டு படங்களை எடுக்கத் தொடங்கின: கூர்மையான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, மங்கலான நிறப்படம் ஒன்று. இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1சி இதற்கு நல்ல உதாரணம். 1995 டிசெம்பர் 28ஆம் திகதி பைக்கனூரிலிருந்து ஏவப்பட்ட அந்தச் செய்மதியின் கறுப்பு வெள்ளைக் கமரா 5.8 மீற்றர் நுணுக்கம் கொண்டது. அந்நாளில் குடிசார் பயன்பாட்டுக்குக் கிடைத்த செய்மதிகளில் மிகக் கூர்மையானது. நிறக் கமராவின் நுணுக்கம் 23.5 மீற்றர். அதாவது ஒரு நிறப் பிக்செலுக்குள் ஏறத்தாழ பதினாறு கறுப்பு வெள்ளைப் பிக்செல்கள். வடகிழக்கு ஜேர்மனியில் நொய்ஸ்ட்ரேலிட்ஸ் என்ற சிறு நகரத்தில் உள்ள ஜேர்மன் விண்வெளி மையத்தின் தரை நிலையம் இந்தத் தரவுகளை ஐரோப்பாவுக்காகப் பெற்றது. தமது ஊரின் நிலப் பயன்பாட்டை இந்தியச் செய்மதி கொண்டு வரைந்த ஜேர்மன் அலுவலகங்கள் அன்று இருந்தன என்பது எம்மவர் பலர் அறியாத செய்தி.

இரண்டையும் ஒன்றாக்குவதுதான் செய்மதிப் பட இணைவு. எளிய முறை இது: நிறப்படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்து, வெளிச்சத்தைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் கூர்மையான கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து, மீண்டும் சேர்ப்பது. கோலத்தை வெள்ளை மாவில் நுணுக்கமாக வரைந்து, மேலே பெரிய தூரிகையால் வண்ணம் தடவுவது போல. கோடு கோட்டுக்குரியது, வண்ணம் அக்கம்பக்கத்துக்கும் பொதுவானது. 1998இல் போல், வான் கெண்டரன் இருவரும் எழுதிய விரிவான மீளாய்வுக் கட்டுரை இத்துறையின் பாடநூல் போலானது. எளிய முறை நிறத்தைத் திரிக்கிறது என்பதால், நிறத்தைக் காப்பாற்றும் முறை ஒன்றை ஒஸ்னாபுரூக் பல்கலைக்கழகத்தின் மன்ஃபிரட் ஏலர்ஸ் உருவாக்கினார்.

இந்த விவரம் ஏன் முக்கியம் என்றால், இணைத்த படம் கண்ணுக்கு மிக அழகாக இருக்கும். அது எடுத்த படம் போலவே தோன்றும். ஆனால் அது கணக்கிட்டுச் செய்த படம். 2008இல் ஏவப்பட்ட ஜியோஐ-1 போன்ற செய்மதியின் விற்பனைப் படத்தில் கறுப்பு வெள்ளைப் பிக்செல் அரை மீற்றர், நிறப் பிக்செல் 2 மீற்றர். மூன்று மீற்றருக்கு நான்கு மீற்றர் அளவான ஒரு தறப்பாள் கொட்டில், நிறப்படத்தில் மூன்றே பிக்செல். அதன் நீல நிறம் ஓரத்து மணலிலும் கசியும். கொட்டிலின் விளிம்பை நம்பலாம். நிறத்தை வைத்து ஒன்றைச் சொல்வதானால் மூலப் படத்துக்குத் திரும்பவேண்டும். மூலத்தைக் காப்பாற்றி வைக்காத ஆவணம் கேள்வி வரும்போது நிற்காது.

2009

2009இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் சுதந்திரமான செய்தியாளர்கள் இருக்கவில்லை. ஐ.நா.வின் சர்வதேசப் பணியாளர்கள் பெரும்பாலும் வெளியேறியிருந்தார்கள். யுத்த சூனிய வலயம் என்று அரசு மூன்று முறை அறிவித்தது: ஜனவரியில், பெப்ரவரியில், மே மாதத்தில். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கடலோரமாக ஒடுங்கியது. புதுமாத்தளன், அம்பலவன்பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பட்டியில் சனம் நெருக்கியடித்துக் கிடந்தது. அதை வெளியிலிருந்து பார்க்கக்கூடியவை வணிகச் செய்மதிகள் மட்டுமே.

அவை பார்த்தன. ஐ.நா.வின் செய்மதிப் பகுப்பாய்வுப் பிரிவான யுனோசற் படங்களைப் படித்தது. சர்வதேச மன்னிப்புச் சபையும் மனித உரிமைகள் கண்காணிப்பகமும் கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுச் சங்கம் மே 6, மே 10 ஆகிய திகதிகளின் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட்டு, சில நாட்களிலேயே அறிக்கை வெளியிட்டது. ஆறாம் திகதி இருந்த கொட்டில்கள் பெருந்தொகையாகப் பத்தாம் திகதி இல்லை. குண்டுக்குழிகள், கூரை போன கட்டடங்கள், மோட்டார் நிலைகள், வரிசையாகத் தெரியும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதைகுழி போன்ற வடிவங்கள் ஆகியவற்றை அது குறித்தது.

அவுஷ்விட்ஸுக்கு 35 ஆண்டுகள் எடுத்தது. இங்கே சில நாட்கள். தேடும் கேள்வியும் இருந்தது. கீழிருந்து சொல்லும் வாயும் இருந்தது: வைத்தியர்கள் தொலைபேசியில் நாளாந்தம் எண்ணிக்கை சொன்னார்கள். ஆனாலும் நிற்கவில்லை. பார்வை இல்லாமல்தான் கொடுமை நடக்கிறது என்று நம்பியவர்களுக்கு 2009 கற்பித்த பாடம் அது. உலகம் அறியாமல் இருந்தது என்று இனி எவரும் சொல்ல முடியாது. அறிந்ததால் நிறுத்தும் என்றும் சொல்ல முடியாது.

பிறகு நடந்தது இன்னொரு பாடம். போர் முடிந்த பின் தடுத்து வைக்கப்பட்டிருந்த அந்த வைத்தியர்கள், 2009 ஜூலையில் கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டு, தாம் முன்பு சொன்ன எண்ணிக்கைகளை மறுத்தார்கள். ஒரு மனிதரை அப்படிச் சொல்லவைக்க முடியும். மே 10ஆம் திகதியின் படத்தைச் சொல்லவைக்க முடியாது. அதேவேளை அந்தப் படத்தால் தானாக ஒன்றும் சொல்லவும் முடியாது. குழியைக் காட்டும், அந்தக் குழிக்குப் பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தவர்களின் பெயரைக் காட்டாது. செய்மதி கடக்கும் அந்த ஒரு கணத்தைக் காட்டும். மாலை விழுந்த ஷெல்லைக் காட்டாது. கொட்டிலை எண்ணலாம், ஒரு கொட்டிலுக்குள் எத்தனை குடும்பம் என்று எண்ண முடியாது.

ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 ஏப்ரலில் வெளியான தன் அறிக்கையில் இரண்டையும் சேர்த்தே வைத்தது. யுத்த சூனிய வலயங்களுக்குள்ளும் மருத்துவமனைகள் மீதும் அரச படைகள் ஷெல் அடித்தன, புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்து, தப்பியவர்களைச் சுட்டார்கள் என இரு தரப்பின் மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்றது. 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்றது. அந்த அறிக்கைக்குச் செய்மதிப் படங்கள் துணைநின்றன, சாட்சியங்கள் உயிர் கொடுத்தன. ஒன்று இல்லாமல் மற்றது நின்றிருக்காது.

தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள்

இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைக்க, இரண்டிலும் தெளிவாகத் தெரியும் சில இடங்கள் வேண்டும். இத்துறையில் அவற்றுக்குத் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளி என்று பெயர். ஒரானியன்பேர்க் படத்துக்கு அது தேவாலயக் கோபுரமாகவும் கால்வாய்ப் பாலமாகவும் இருக்கும். வன்னிக்கு அது வட்டுவாகல் பாலம், பரந்தன் முல்லைத்தீவு வீதியின் ஒரு வளைவு, ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை. மூன்று நான்கு புள்ளிகள் பொருந்திவிட்டால் மற்ற எல்லாம் தன் இடத்தில் வந்து உட்காரும். ஒன்றுகூட இல்லையென்றால், எவ்வளவு கூர்மையான படமாக இருந்தாலும் அது மிதந்துகொண்டே இருக்கும்.

சாட்சியத்துக்கும் இதே விதிதான். 'எங்கட பக்கத்துப் பங்கருக்கு மேல ஷெல் விழுந்தது' என்ற வாக்கியம் உண்மை. ஆனால் அது மிதக்கிறது. எந்த ஊர், வீதிக்கு எந்தப் பக்கம், பாலத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்த நாள், காலையா மாலையா என்று நாலு ஆணி அடித்தால், அதே வாக்கியம் எங்கோ ஒரு நிறுவனத்தின் சேமிப்பில் உள்ள 2009ஆம் ஆண்டுப் படத்தின் குறிப்பிட்ட பிக்செலின் மேல் போய் அமரும். அப்போது படத்துக்கு வாய் கிடைக்கிறது, சொல்லுக்கு நிலம் கிடைக்கிறது.

ஜேர்மனியில் வாழும் எம்மவர்களுள் அந்த மணற்பட்டியிலிருந்து வந்தவர்கள் பலர். அன்று நாற்பது வயதில் இருந்தவர்களுக்கு இன்று அறுபதை நெருங்குகிறது; அறுபதில் இருந்தவர்களில் சிலர் இல்லை. செய்மதிப் படங்கள் அழிய வாய்ப்புக் குறைவு. அவற்றுக்குப் பிரதிகள் உண்டு, விற்பனை உண்டு, காப்பகம் உண்டு. நாளை வரப்போகும் கண்டறியும் நிரல்கள் அவற்றை இன்றைவிட நன்றாகப் படிக்கும். சேமிப்பகம் இல்லாமல் கரைந்துகொண்டிருப்பது மற்றப் படலம்தான். ஆண்டுதோறும் மே மாதத்தில் விளக்கேற்றும் மண்டபங்களில், யாராவது ஒருவர் ஒரு வரைபடத்தை விரித்து வைத்து, 'அம்மா, நீங்கள் எந்த இடத்தில் இருந்தீர்கள், காட்டுங்கோ' என்று கேட்டு, விரும்பிச் சொல்பவர்களிடம் மட்டும், திகதியோடு எழுதிக்கொள்ளலாம். அவர்கள் பெயரைக் காக்கவேண்டிய இடத்தில் காக்கலாம். இதற்குச் செய்மதி வேண்டாம். பொறுமையும் ஒரு நல்ல வரைபடமும் போதும்.

ஒரானியன்பேர்க்கில் போர் முடிந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மேசையில் படங்களை அடுக்கிப் பார்க்கிறார்கள். அவர்களால் அது முடிவதற்குக் காரணம், படங்களோடு அவற்றை எடுத்த நாளும் நேரமும் பறந்த பாதையும் அன்றே யாரோ ஒருவர் எழுதி வைத்ததுதான்.